பிள்ளைகளின் படிப்பை அளக்க எந்த மரக்கால்?

பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் இன்று பேப்பரும் பேனாவும் மட்டுமல்ல. கம்ப்யூட்டர் அறையிலோ, வீட்டில் தகப்பனின் செல்போனிலோ திரையில் ஒரு கேள்வி வருகிறது. அதன் கீழே நான்கு விடைகள் வருகின்றன. பிள்ளை ஒன்றைத் தொடுகிறது. பத்தோ இருபதோ கேள்விகள் முடிந்த மறுகணம் மார்க்கு வந்து விழுகிறது. இதற்கு ஆன்லைன் குவிஸ் என்று பெயர். சர்க்கார் பள்ளிக்கூடம் முதல் என்ஜினீயரிங் காலேஜ் வரை இது நுழைந்துவிட்டது. கல்வி இலாகா இதை முன்னேற்றம் என்கிறது. ஆப் விற்கும் கம்பெனிகளோ ஒரு படி மேலே போய்ப் புரட்சி என்கின்றன. புரட்சி என்ற சொல் எவ்வளவு மலிவாகிவிட்டது, பாருங்கள்!

ஷிப்டு முடிந்து வரும் தகப்பனிடமும், நடவு முடித்துக் கரையேறும் தாயிடமும் "உங்கள் பையன் பத்துக்கு ஆறு" என்று சொல்லப்படுகிறது. ஆறு என்றால் நல்லதா, கெட்டதா? தவறிய நாலு எவை? ஏன் தவறினான்? மறுநாள் காலையில் அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெற்றோருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அளவு என்ற விஷயத்தை உழைப்பாளி மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கூலி அளக்க ஒரு சின்ன மரக்கால், நெல்லை வாங்க ஒரு பெரிய மரக்கால் என்று மிராசுதார் இரண்டு வைத்திருந்த காலத்தைக் கீழத்தஞ்சைக் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. முத்திரை மரக்கால் கேட்டுப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரப்பதம் பார்க்கும் கருவியை வைக்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் ஏறினால் தகராறு. கருவி ஈரத்தைச் சொல்லுமே தவிர நெல்லைக் காயவைக்காது. அதற்குக் களம் வேண்டும், வெயில் வேண்டும், கிளறிவிட ஆள் வேண்டும். பஞ்சாலையில் 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடைபோட்டு நம்பர் பார்க்கிறார்கள். நம்பர் தவறினால் உடனே மிஷினைக் கவனிக்கிறார்கள். தவறிய நம்பரை ரிஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டு மிஷினை அப்படியே ஓடவிடும் ஆலை எங்காவது உண்டா? பள்ளிக்கூடத்தில் மட்டும் அது நடக்கலாமா?

முதலில் இந்தப் 'புதுமை'யின் வயதைப் பார்ப்போம். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1914-15இல் அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க இந்த முறையில் ஒரு பரீட்சை தயாரித்தார். விடைத்தாளைத் திருத்துகிறவரின் மனப்போக்குக்கு ஏற்ப மார்க்கு மாறக்கூடாது, திருத்தும் வேலையும் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவர் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. 1917-18இல் முதல் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேரை இப்படிப்பட்ட பரீட்சையில் வடிகட்டியது. யார் சிப்பாய், யார் அதிகாரி என்று பிரிக்க அது உதவியது. 1938இல் ஐ.பி.எம். கம்பெனி விடைத்தாள் திருத்தும் யந்திரத்தையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்சில் கரியில் மின்சாரம் பாயும் அல்லவா? சரியான இடத்தில் கரி பட்டிருக்கிறதா என்று அந்த மின்சாரத்தை வைத்தே யந்திரம் எண்ணியது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பது ஒரு சுவையான செய்தி. பென்சில் கரி போய் விரல் நுனி வந்திருக்கிறது. மற்றபடி கேள்வியின் அமைப்பு அதேதான். ஏராளமான பேரைக் குறைந்த செலவில் தரம் பிரிக்க உண்டாக்கப்பட்ட கருவி இது. ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்கியதா என்று தெரிந்துகொள்ளும் வேலைக்கு இதை மாற்றும்போது எச்சரிக்கை வேண்டும்.

யந்திரம் என்றாலே கல்லெடுத்து எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கருவியில் நன்மை உண்டு. படித்ததை அடிக்கடி நினைவுக்குக் கொண்டுவரச் செய்தால் அது மனதில் ஊன்றும் என்பது ஆராய்ச்சியில் நிலைநாட்டப்பட்ட விஷயம். 2006இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கவைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடத்தை மாணவர்கள் இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்த பாடத்தில் நூற்றுக்கு 81 பங்கைச் சொன்னார்கள், மற்றதில் 75. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழாகிவிட்டது. படித்துப் படித்து உருப்போட்ட பாடத்தில் 42 பங்குதான் மிஞ்சியது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்த பாடத்தில் 56 பங்கு நின்றது. ஆகவே அடிக்கடி சிறு சோதனை வைப்பது பிள்ளைக்கு நல்லதே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மாணவர்கள் நாலு விடையில் ஒன்றைத் தொடவில்லை. சொந்தக் கையால் எழுதினார்கள்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் திரை ஒரு சௌகரியம்தான். வகுப்பில் எழுந்து நின்று தப்பாகச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு ஆளாகும் பயம் அங்கே இல்லை. நாற்பது நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரவு பதினோரு மணிவரை சிவப்பு மை போடும் ஆசிரியரின் முதுகுவலியும் குறையும். இவற்றை மறுப்பது நியாயமல்ல.

இதையெல்லாம்விடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிள்ளை சொல்லும் தப்பு விடையில் இருக்கும் செய்தியைச் சொல்கிறோம்.

ஒரு உதாரணம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கிறோம். சரியான விடை ஆறில் ஐந்து. மூன்று தப்பு விடைகளை வாய்க்கு வந்தபடி எழுதிவைத்தால் அந்தக் கேள்வி வெறும் சீட்டுக் குலுக்கல். யோசித்து எழுதினால் அது வைத்தியர் நாடி பார்ப்பதற்குச் சமம். ஐந்தில் இரண்டு என்று ஒரு விடையை வையுங்கள். அதைத் தொடும் பிள்ளை மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. பின்னம் என்றால் இரண்டு தனித்தனி எண்கள் என்று அது நினைக்கிறது. ஆறில் இரண்டு என்று இன்னொரு விடையை வையுங்கள். அதைத் தொடும் பிள்ளை கீழ்எண்ணைப் பொதுவாக்கக் கற்றுவிட்டது, மேல்எண்ணை மாற்ற மறந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் மார்க்கு பூஜ்யம்தான். ஆனால் இருவருக்கும் தேவையான வைத்தியம் வேறு. முதல் பிள்ளைக்கு ஒரு ரொட்டியை அறுத்துக் காட்டி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

தசமத்திலும் இப்படித்தான். 0.35 பெரியதா, 0.5 பெரியதா என்றால் 35 பெரிய எண் ஆயிற்றே என்று 0.35ஐத் தொடும் பிள்ளைகள் எத்தனையோ உண்டு. அது அசட்டுத்தனம் அல்ல. முழு எண்ணில் கற்ற நியாயத்தைப் பிள்ளை இங்கேயும் பிரயோகிக்கிறது. அந்த நியாயம் எந்த இடத்தில் செல்லாது என்பதை எடுத்துக்காட்ட ஆசிரியர் வேண்டும். வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் ஒரே தப்பைத் தொட்டிருந்தால் குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, பாடம் சொல்லப்பட்ட விதத்தில் இருக்கிறது. மறுநாள் காலையில் அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்த வேண்டும். கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை ஒரு நொடியில் எடுத்துக் கொடுக்கும். நாற்பது நோட்டைப் புரட்டினாலும் ஆசிரியருக்கு இவ்வளவு சுலபத்தில் கிடைக்காத தகவல் இது.

ஆனால் இந்தத் தகவல் எங்கே போகிறது? பிள்ளை எதைத் தொட்டது என்பது வகுப்பறைக்குத் திரும்பி வராமல், எத்தனை சரி என்ற வெறும் எண் மட்டும் மேலே போனால் என்ன ஆகும்? பள்ளியிலிருந்து வட்டாரத்துக்கு, வட்டாரத்திலிருந்து ஜில்லாவுக்கு, ஜில்லாவிலிருந்து சென்னைக்கு என்று எண் பயணம் செய்யும். அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசிய படமாகும். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பள்ளி ஏன் சிவப்பில் இருக்கிறது என்று தலைமையாசிரியரைக் கேட்பார். தலைமையாசிரியர் வகுப்பாசிரியரைக் கேட்பார். வகுப்பாசிரியர் அடுத்த தடவை பச்சை வருவதற்கான வழியைத் தேடுவார். ஐந்தில் இரண்டைத் தொட்ட பிள்ளையோ அந்தத் தப்போடேயே ஏழாம் வகுப்புக்குப் போகும்.

இது கற்பனையான பயம் அல்ல. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் எண்ணும் வரவேண்டும் என்று 2022 ஜூனில் தமிழக சர்க்கார் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை ஆரம்பித்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பாடம் இழந்த பிறகு அது அவசியமான காரியம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும் என்றபோது, இது பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பின. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் கிராமத்துத் தொடக்கப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்க்கு மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1988இல் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மார்க்கு மட்டும். இன்னொரு பிரிவுக்கு எங்கே சரி, எங்கே மேம்படுத்தலாம் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு மார்க்கும் குறிப்பும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறின. மற்ற இரண்டு பிரிவும் முன்னேறவில்லை. மார்க்கைக் கண்டதும் பிள்ளையின் கண் குறிப்பின் பக்கம் போகவில்லை. ஆன்லைன் குவிஸ் முடிந்ததும் பட்டாசு வெடிப்பதுபோல் திரையில் மார்க்கைக் காட்டும் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

நிற்க. அந்த மார்க்காவது நம்பத்தக்கதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கேள்விகள், கேள்விக்கு நாலு விடை. நூற்றுக்கு 35 வாங்கினால் பாஸ் என்றால் 7 கேள்விகள் சரியாக வேண்டும். கேள்வியையே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு திரையைத் தொடும் பிள்ளைகள் 100 பேர் இருந்தால் அவர்களில் சுமார் 21 பேர் இந்த 7ஐ எட்டிவிடுவார்கள். கேள்விகளை 40 ஆக்கினாலும் சுமார் 10 பேர் தப்பித்துவிடுவார்கள். இது யாருடைய அபிப்பிராயமும் அல்ல, நிகழ்தகவுக் கணக்கு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை பாஸ் என்று பதிவாகிவிட்டால் நஷ்டம் யாருக்கு? வசதி உள்ள வீட்டில் டியூஷன் வைத்துச் சரிக்கட்டிக்கொள்வார்கள். கூலி வீட்டில் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் குட்டு வெளியாகும். தப்புக்கு மார்க்கைக் கழித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்போது துணிந்தவன் தொடுவான், பயந்த பிள்ளை தெரிந்ததையும் விட்டுவிடும்.

பள்ளிக்குள் நடக்கும்வரை இவற்றுக்கெல்லாம் பரிகாரம் காணலாம். வீட்டுக்குள் பரீட்சை நுழைந்துவிட்டால் அநியாயம் பத்து மடங்காகிறது. 2017-18இல் மத்திய சர்க்காரே எடுத்த தேசிய மாதிரி சர்வேப்படி நாட்டின் கிராமக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தவை நூற்றுக்கு நாலு; நகரங்களில் 23. இன்டர்நெட் வசதி கிராமத்தில் நூற்றுக்கு 15 குடும்பங்களுக்கு, நகரத்தில் 42 குடும்பங்களுக்கு. அதற்குப் பிறகு செல்போன் பரவிவிட்டது வாஸ்தவம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு செல்போன்; அது தகப்பனோடு இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறது. மூன்று பிள்ளைகள் அதன் முறைக்குக் காத்திருக்கின்றன. பரீட்சை நேரத்தில் சிக்னல் அறுந்தால் யந்திரம் பூஜ்யம் போடும். அது எதை அளந்தது? பிள்ளையின் படிப்பையா, டவர் நிற்கும் தூரத்தையா?

கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். 2020 நவம்பர்-டிசம்பரில் நடக்க வேண்டிய செமஸ்டர் பரீட்சையை 2021 பிப்ரவரியில் ஆன்லைனில், நாலு விடை முறையில் நடத்தினார்கள். மாணவன் வீட்டில் காமிராவுக்கு முன் உட்கார வேண்டும். அவன் காப்பி அடிக்கிறானா என்று கம்ப்யூட்டர் மென்பொருள் உளவு பார்க்கும். முடிவு வந்தபோது பெருந்தொகையான மாணவர்கள் தோல்வி என்றது. பல்லாயிரம் பேரின் முடிவுகள் முறைகேடு சந்தேகத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. தலை திரும்பியதும் பக்கத்தில் சத்தம் கேட்டதுமே குற்றமாகிவிட்டன என்று மாணவர்கள் முறையிட்டார்கள். ஒற்றை அறை வீட்டில் குழந்தை அழாதா, மிக்ஸி ஓடாதா, தெருவில் லாரி போகாதா? தனி அறையும் மூடிய கதவும் உள்ளவன்தான் யோக்கியன் என்று தீர்ப்பளிக்கும் மென்பொருள் அது! மே மாதத்தில் தமிழக சர்க்கார் தலையிட்டு, மாணவர்கள் மீண்டும் பரீட்சை எழுத வழிசெய்ய நேர்ந்தது. முகம் பார்க்கும் மென்பொருள்கள் எல்லா முகத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்பதும் வெளியாகியிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று பெரிய கம்பெனிகளின் மென்பொருள்களை 2018இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் தவறு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கறுத்த நிறப் பெண்களிடம் தவறு நூற்றுக்கு 34 வரை போயிற்று. வெயிலில் வேலை செய்யும் மக்களின் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலவச குவிஸ் ஆப் என்று கொடுப்பவர்கள் ஏன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம். மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற சர்வதேச ஸ்தாபனம் 2022இல் 49 நாடுகளில் சிபாரிசு செய்யப்பட்ட சுமார் 160 கல்வி ஆப்களை ஆராய்ந்தது. ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் அந்தரங்கத் தகவல்களுக்கு ஆபத்து உண்டாக்கும் விதத்தில் இயங்குவதாகச் சொன்னது. பிள்ளை எந்தப் பாடத்தில் மட்டம் என்ற விவரம் டியூஷன் விற்பவனுக்குத் தங்கச் சுரங்கம்.

இன்னொரு விஷயம், நமது பிள்ளைகளின் வாழ்வோடு நேரடியாக ஒட்டியது. நாலு விடையில் ஒன்றைத் தொடத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு மனு எழுதத் தெரியும் என்று அர்த்தமில்லை. பி.எப். பணம் வரவில்லை என்று ஆபீசுக்கு ஒரு கடிதம். நூறு நாள் வேலைக் கூலி பாக்கி என்று பி.டி.ஓ.வுக்கு ஒரு விண்ணப்பம். சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் ஏன் என்று விளக்கம் கேட்டு நாலு வரி. இவற்றை எழுதத்தானே வீட்டில் ஒரு பிள்ளையாவது படிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டிப் படிக்கவைக்கிறோம்? யோசித்து, வரிசைப்படுத்தி, சொந்த வாக்கியத்தில் எழுதுவதை எந்த நாலு விடைக் கேள்வியும் அளக்காது. அளக்கப்படாததைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பள்ளிகளில் மெல்ல மறைந்துபோகும். விதை முளைப்பதைப் பார்த்து எழுதுவது, மேடையேறிப் பேசுவது, கணக்கைப் போர்டில் போட்டு ஏன் அப்படி என்று விளக்குவது எல்லாமே அந்த வழியில் போய்விடும்.

எனவே ஆன்லைன் குவிஸ் வேண்டாம் என்பது நமது கோரிக்கை அல்ல. பள்ளிக்கூடத்துக்குள், பள்ளி நேரத்தில், சர்க்கார் கொடுக்கும் கம்ப்யூட்டரில் அது நடக்கட்டும். வீட்டு செல்போனை நம்பி ஒரு மார்க்கும் போடக்கூடாது. எந்தப் பிள்ளை எந்தத் தப்பைத் தொட்டது என்ற விவரம் அன்றே வகுப்பாசிரியர் கைக்கு வரவேண்டும். அதைப் பார்த்து மறுபடி பாடம் நடத்தப் பாடவேளை ஒதுக்க வேண்டும். எண்ணை மட்டும் மேலே அனுப்பி ஆசிரியரை மிரட்டுவது நிற்க வேண்டும். கையால் எழுதும் பரீட்சையும் வாயால் சொல்லும் பரீட்சையும் கூடவே இருக்க வேண்டும். காலி ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் கம்ப்யூட்டரைக் காட்டிச் சமாளிக்கும் தந்திரத்தை எந்தச் சர்க்கார் செய்தாலும் அனுமதிக்க முடியாது.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய், சென்ற மாதக் குவிஸில் என் பிள்ளை எதைத் தப்பாகத் தொட்டது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் பதில் சொன்னால் அவருக்குத் துணை நில்லுங்கள். நேரமில்லை, ஆளில்லை என்று அவர் சொன்னால் அதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்தைப் பகல் வேளையில் வைத்து, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வா என்று சொன்னால் அதை ஏற்கக் கூடாது. ஷிப்டு விட்ட பிறகு, வயலிலிருந்து கரையேறிய பிறகு, மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைக்க வேண்டும் என்பதை முதல் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.